காலையில் 50, மாலையில் 37: ஒரே வண்டி இரண்டு கைகளில் குடித்த பெட்ரோல்

பின்னணி

மியான்மரின் மோல்மீன் நகரில் தோசை மாவு அரைத்து டீக்கடைகளுக்குக் கொடுக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்று. தொழிலை நடத்துபவர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. நகருக்குள் உள்ள கடைகளுக்குத் தள்ளுவண்டி போதும். தெற்கே முடோன் வரை உள்ள சாலையோர டீக்கடைகளுக்கு மோட்டார் சைக்கிள்தான். வீட்டில் இருந்தது ஒரே வண்டி. தாய்லாந்திலிருந்து வந்த 125 சிசி, நான்கு கியர், ஆட்டோ கிளட்ச் (கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது), ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்.

காலை ஓட்டம் அந்த அம்மாவின் தம்பியுடையது. நான்கு வாளி மாவு, ஏறக்குறைய 30 வீசை, அதாவது 49 கிலோ. மாலை ஓட்டம் அந்த அம்மாவின் அக்கா மகனுடையது, வயது 22. போகும்போது சாம்பார் பொடிப் பொட்டலங்கள், வரும்போது காலி வாளிகளும் கடைகளின் காசும். இருவரும் போவது ஒரே வழி, நிற்பதும் அதே கடைகளில். சுற்றுக்கு 64 கிலோமீட்டர். இந்தக் குறிப்பில் அவர்களை மூத்தவர், இளையவர் என்று அழைக்கிறோம்.

சந்தேகம் கிளம்பிய விதம்

பெட்ரோல் காசு அன்றன்றைக்குக் கணக்கில் எழுதப்பட்டு வந்தது. காலைக்கு 1.3 லிட்டர், மாலைக்கு 2 லிட்டர். சுமை காலையில்தான் அதிகம். சுமை குறைந்த ஓட்டத்துக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போனால் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: பையன் பெட்ரோலை விற்கிறான், அல்லது ஓட்டம் முடிந்து கேரிக்கு (வாடகை மோட்டார் சைக்கிள் சவாரிக்கு) ஆள் ஏற்றுகிறான். (யாங்கூன் நகரின் பெரும்பகுதியில் மோட்டார் சைக்கிளுக்கே தடை. மோல்மீனில் அப்படியில்லை, எந்த மூலையில் நின்றாலும் கேரி வண்டிகளைப் பார்க்கலாம். ஆகவே அந்தச் சந்தேகத்தை அடிப்படையற்றது என்று ஒதுக்க முடியாது.) வீட்டில் பேச்சு தடித்தது. இளையவர் சாவியைச் சின்னம்மாவின் மேசையில் வைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டத்துக்கே போகவில்லை. அதன் பிறகுதான் வண்டி பட்டறைக்கு வந்தது, “வண்டியில் கோளாறா, ஆளில் கோளாறா” என்ற கேள்வியோடு.

கேரி சந்தேகம் அன்றைக்கே தீர்ந்தது. ஓட்டம் தொடங்கும்போதும் முடியும்போதும் மீட்டர் எண்ணை எழுதினால் போதும். மாலை ஓட்டத்தில் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடுதலாக இல்லை.

அளவையைச் சரிசெய்தது

மைலேஜ் சண்டைகளில் பாதி அளவைக் கோளாறில் பிறப்பவை. இங்கும் அப்படித்தான். மூத்தவர் காலையில் பங்க்கில் அடித்தார். மாலையில் பங்க்கில் வரிசை நீளம் என்பதால் இளையவர் சாலையோரத்தில் பாட்டில் பெட்ரோல் இரண்டு வாங்கி ஊற்றினார். கணக்கில் அது “2 லிட்டர்”. அந்தப் பாட்டில்களைக் கோடு போட்ட அளவு ஜாடியில் ஊற்றிப் பார்த்தபோது ஒவ்வொன்றிலும் 890 மில்லி அளவே இருந்தது. இரண்டு பாட்டிலில் 220 மில்லி காசோடு போய்விட்டது, வண்டிக்குள் வரவே இல்லை.

அதன்பின் எல்லா ஓட்டங்களும் டேங்க் நிரப்பி அளக்கும் முறைக்கு மாற்றப்பட்டன. வண்டி நடு ஸ்டாண்டில், சிமெண்டுத் தளத்தில் எப்போதும் அதே இடத்தில் நிற்க வேண்டும். சீட்டைத் தூக்கி, டேங்கின் கழுத்துக்குக் கீழ் விளிம்பு வரை நிரப்ப வேண்டும், அதற்கு மேல் கூடாது. ஓட்டம் முடிந்து வண்டி ஆறியபின் அதே விளிம்பு வரை ஜாடியால் ஊற்றி, எவ்வளவு இறங்கியது என்று எழுத வேண்டும். பக்க ஸ்டாண்டில் சாய்த்து நிரப்பினால் அளவு கணிசமாக மாறும், ஒரு ஓட்டத்துக்கு ஒன்றரை லிட்டர் போகும் இடத்தில் அது பெரிய பிழை. டேங்கை வாய் வரை நிரப்பி வெயிலில் நிறுத்துவதும் தவறு. சூட்டில் விரிந்து வழிந்தது யார் கணக்கில் ஏறும்?

மீட்டரும் சோதிக்கப்பட்டது. சாலையோர மைல் கற்கள் பத்து மைல் காட்டிய இடத்தில் மீட்டர் 16.5 கிலோமீட்டர் காட்டியது. உண்மையில் அது 16.1. தேய்ந்த முன் டயரின் வேலை இது. கீழே வரும் எண்கள் இந்தப் பிழையைக் கழித்தவை. மழை இல்லாத மாசி மாதத்தில், பல ஓட்டங்களின் சராசரியாக எடுத்தவை.

இந்த அளவையில் காலை ஓட்டம் 1.28 லிட்டர், லிட்டருக்கு 50 கிலோமீட்டர். மாலை 1.72 லிட்டர், லிட்டருக்கு 37. பாட்டில் கணக்கைக் கழித்தபின்னும் இடைவெளி நின்றது. ஆனால் “2 லிட்டர்” என்ற எண் போய்விட்டதால் திருட்டுப் பேச்சும் வீட்டில் அடங்கியது.

வண்டியைப் பார்த்தது

ஓட்டுபவரைக் குறை சொல்லுமுன் வண்டியைப் பார்த்தே தீர வேண்டும். ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுழற்றினார்கள். இரண்டு சுற்றாவது தானே ஓட வேண்டிய சக்கரம் அரைச் சுற்றுக்குள் நின்றது. பிரேக் பெடலின் விளையாட்டு, அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்குமுன் பெடல் சும்மா இறங்கும் தூரம், 5 மி.மீ. அளவுக்கே இருந்தது. இந்த வகை டிரம் பிரேக்கில் அது 20 முதல் 30 மி.மீ. வரை இருக்க வேண்டும். சுமையோடு ஓடும் வண்டி உடனே நிற்க வேண்டும் என்று யாரோ பின் நட்டை இறுக்கியிருக்கிறார்கள். ஷூ (டிரம்மின் உள்ளே உரசிச் சக்கரத்தை நிறுத்தும் கட்டை) தேய்ந்த பிறகு இறுக்கினால் அது முறை. ஷூவைத் தள்ளும் கேம் தண்டில் சேறு இறுகி, பெடலை விட்டாலும் ஷூ முழுதாகத் திரும்பாத நிலையில் நட்டை இறுக்கினால் சக்கரம் நிரந்தரமாக உரசிக்கொண்டே ஓடும்.

சக்கரத்தைக் கழற்றி, கேம் தண்டைத் துடைத்து, மிகக் குறைவாகக் கிரீஸ் வைத்து, நட்டை 25 மி.மீ. விளையாட்டுக்குத் தளர்த்தினார்கள். கிரீஸ் ஷூவில் பட்டால் பிரேக்கே பிடிக்காது என்பதால் இங்கே தாராளம் ஆகாது.

டயர் காற்று முன்னால் 22, பின்னால் 24 பவுண்டு. வண்டியில் ஒட்டியிருந்த அட்டைப்படி முன் 29, பின் 33, இரண்டு பேர் ஏறினால் பின் 41. காலைச் சுமை ஓர் ஆளுக்குச் சமம் என்பதால் பின்னால் 41 வைக்கப்பட்டது. மாலைக்காகக் காற்றை இறக்கி ஏற்றும் வேலை நடைமுறையில் நடக்காது, அப்படியே விடப்பட்டது.

செயின் தொய்வும் பிளக்கும் சரியாகவே இருந்தன. ஏர் ஃபில்டரை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. எண்ணெய் தோய்ந்த காகித வகையைக் காற்றடித்துச் சுத்தம் செய்து திரும்பப் போடும் பழக்கம் இந்தப் பக்கத்தில் அதிகம். அப்படிச் செய்தால் எண்ணெய்ப் பூச்சு போய்த் தூசி உள்ளே இறங்கும்.

இதற்குப் பிறகு காலை 1.20 லிட்டர், மாலை 1.55 லிட்டர். இருவருக்கும் குறைந்தது, மாலைக்கு இன்னும் அதிகமாக. இளையவரின் கால்தான் அதற்குக் காரணம் என்பது பிறகு தெரிந்தது.

ஆளை மாற்றிப் பார்த்தது

மீதி 350 மில்லி ஆளாலா, வேளையாலா? மாலையில் போக்குவரத்து அதிகம், எதிர்க்காற்றும் உண்டு, காலி வாளிகள் இருபுறமும் தொங்கிக் காற்றைப் பிடிக்கும். இவற்றைப் பிரிக்க ஒரே வழி இருவரையும் இடம் மாற்றுவது. அடுத்த வாரம் முழுவதும் மூத்தவர் மாலையிலும் இளையவர் காலையிலும் ஓட்டினார்கள்.

மூத்தவர் மாலையில் 1.16 லிட்டரில் முடித்தார். இளையவர் காலைச் சுமையோடு 1.60 எடுத்தார். பெட்ரோல் ஆளோடு சேர்ந்தே போனது. மூத்தவரிடம் காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் 40 மில்லிதான். 49 கிலோ சுமை என்ற பெரிய விஷயம் நிதானமான கையில் இவ்வளவு சிறியதாகிவிடுவது பலருக்கு நம்பக் கடினமாக இருக்கும். சமதளத்தில் ஒரே சீராக ஓடும்போது எடைக்காகப் போவது டயர் உருளும் உராய்வு மட்டுமே. எடை விலை கேட்பது மேடு ஏறும்போதும், ஒவ்வொரு முறையும் நிறுத்தி மறுபடி கிளப்பும்போதும்தான்.

பின்னால் சென்று கவனித்தது

பட்டறையிலிருந்து ஒருவர் வேறு வண்டியில் இருவரையும் தனித்தனியாகப் பின்தொடர்ந்தார். பின்தொடர்வது தெரிந்தால் ஓட்டுகிறவர் அன்றைக்கு மட்டும் நல்லவராகிவிடுவார், அதனால் முதல் நாள் கவனிப்பு கணக்கில் எடுக்கப்படவில்லை.

முதலில் கண்ணில் பட்டது இளையவரின் பிரேக் விளக்கு. க்யௌக்தலோன் பாறை தாண்டியதும் சாலை திறந்து கிடக்கிறது, முன்னால் வண்டி எதுவும் இல்லை, வேகம் 70-ஐத் தாண்டுகிறது, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. வலது பாதம் கால்தாங்கியில் இல்லை, பெடலின் மேல். அடுத்த நிறுத்தத்தில் டிரம்மில் கை வைக்க முடியவில்லை. நட்டைத் தளர்த்திப் பெற்ற விளையாட்டைப் பாதத்தின் எடையே தின்றுவிட்டது. முன்பு 5 மி.மீ. விளையாட்டில் இதே பாதம் என்ன செய்திருக்கும் என்று ஊகிக்கலாம். மூத்தவரைவிட இவருக்குப் பழுதுபார்ப்பில் கூடுதல் பலன் கிடைத்தது இதனால்தான்.

அடுத்தது நிறுத்தும் விதம். ஒரு சுற்றில் இளையவர் பலமாகப் பிரேக் பிடித்தது நாற்பது தடவைக்கு மேல். மூத்தவர் இருபதுக்குள். கடைகளின் எண்ணிக்கை இருவருக்கும் ஒன்றே. இளையவர் கடை வாசல் வரை ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டே போய் நிறுத்துவார். மாட்டு வண்டி, சைக்கார் (சைக்கிள் ரிக்‌ஷா), பள்ளிப் பிள்ளைகள் என்று எது எதிர்ப்பட்டாலும் பிரேக், உடனே முறுக்கு. மூத்தவர் கடை தூரத்தில் தெரியும்போதே கையைத் தளர்த்திவிடுவார்.

இதன் விலையைக் கணக்கிடலாம். வண்டி, ஆள், சாமான் சேர்த்து 175 கிலோ. 75 கிலோமீட்டர் வேகத்தில் அதில் உள்ள இயக்க ஆற்றல் 38 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் உண்டு, அதில் ஐந்தில் ஒரு பங்கு சக்கரத்துக்கு வந்தால் பெரிது. அப்படியானால் 75-இலிருந்து ஒருமுறை பிரேக் பிடித்து நிறுத்துவது 6 மில்லி பெட்ரோலை டிரம்மில் சூடாக்கி விடுவதற்குச் சமம், ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேல். 50-இலிருந்து நிறுத்தினால் இரண்டரை மில்லி. இளையவரின் எல்லா பிரேக்கும் 75-இலிருந்து அல்ல. ஆனாலும் நாற்பது தடவை என்னும்போது 150 மில்லிக்குக் குறையாது.

மூன்றாவது காரணம் வேகம். காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடும். 50-இலிருந்து 75-க்குப் போனால் அது இரண்டே கால் மடங்கு. பக்கவாட்டில் தொங்கும் காலி வாளிகள் 50-இல் பெரிய செலவு வைக்காததும் 75-இல் வைப்பதும் இதனால். இவ்வளவு வேகத்தில் இளையவர் மிச்சம் பிடித்த நேரம் முழுச் சுற்றிலும் பத்து நிமிடம்.

நின்ற இடத்தில் முறுக்கி முறுக்கி விடுவது, கடைக்குள் காசு வாங்கும்போது எஞ்சினை ஓட விடுவது ஆகியவையும் இருந்தன. இந்த அளவு எஞ்சின் ஐடிலில் (முறுக்காமல் சும்மா ஓடும்போது) ஒரு மணி நேரத்துக்கு 150 முதல் 200 மில்லி வரையே எடுக்கும் என்பதால் சில நிமிட நிறுத்தங்களின் செலவு சிறியது. வீட்டில் எல்லோரும் முதலில் குற்றம் சாட்டியது இதைத்தான்.

மூத்தவரும் குறையற்றவர் அல்ல. உயர்ந்த கியரில் போனால் பெட்ரோல் மிச்சம் என்று யாரோ சொன்னதை வைத்து மூன்றாவது கியரிலேயே வண்டியைக் கிளப்பினார். ஆட்டோ கிளட்ச் அப்போது வழுக்கிக்கொண்டே இழுக்கும். அந்த நேரத்து ஆற்றல் கிளட்சின் சூடாகப் போகிறது, தகடும் சீக்கிரம் தேய்கிறது. நகரத்து மேட்டுத் தெருவில் நான்காவது கியரில் 25 வேகத்தில் ஏறி எஞ்சினைத் திணறடித்தார். இறக்கத்தில் சாவியை அணைத்துவிடுவார். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி கையை முழுதாக விட்டாலே பெட்ரோல் தெளிப்பு நின்றுவிடும், வேகம் குறைந்து எஞ்சின் ஐடிலை நெருங்கும்போதுதான் மறுபடி தொடங்கும். ஆகவே சாவியை அணைப்பதில் மிச்சம் ஒன்றும் இல்லை, பிரேக் விளக்கு அணைந்துபோவதுதான் மிச்சம்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

“மெதுவாகப் போ” என்று இளையவரிடம் சொல்வதில் பயன் இருக்காது என்பது அவருடைய பதிலிலேயே தெரிந்தது. “அஞ்சு மணிக்குள்ள போகலன்னா காசு நாளைக்குத்தான் மாமா. நீங்க வண்டிய கொண்டுவந்து விடுறதே லேட்டு.” உண்மை. மூத்தவர் காலை ஓட்டம் முடிந்து சந்தைக்கும் வண்டியை எடுத்துப் போவார். திரும்பும்போது மாலை ஓட்டத்தின் நேரம் கடந்திருக்கும். முறுக்கும் கை கடிகாரத்தைப் பார்த்துத்தான் முறுக்கியது. அதனால் முதல் முடிவு நேரத்தைப் பற்றியது: மாலை வண்டி இருபது நிமிடம் முன்னதாகப் புறப்பட வேண்டும், சந்தை வேலை தள்ளுவண்டிக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, வேக வரம்பு. திறந்த சாலையில் 55. அதற்கும் கீழே கேட்டிருந்தால் சில நாளில் கைவிட்டிருப்பார். 75-இலிருந்து 55-க்கு வந்தாலே காற்றுத் தடை ஏறக்குறைய பாதியாகிறது, 55-இலிருந்து 45-க்கு இறங்கிப் பெறுவது அதைவிடக் குறைவு.

மூன்றாவது, கையை விடும் இடம். ஒவ்வொரு கடைக்கும் முன்னால் ஒரு அடையாளம் குறிக்கப்பட்டது: ஒரு பாலம், ஒரு பெயர்ப் பலகை, ஒரு மரம். அங்கே கையை முழுதாக விட வேண்டும், வேகம் தானே 30-க்கு இறங்கும், பிரேக் கடைசிச் சில மீட்டருக்கு மட்டும். மேட்டுப் பக்கம் உள்ள கடைகளுக்கு அடையாளம் கிட்டத்தில், இறக்கத்தில் உள்ளவற்றுக்குத் தொலைவில். பின்னால் லாரி நெருங்கி வந்தால் இந்த விதி செல்லாது, பாதுகாப்புத்தான் முதல்.

கிளப்புவதில் மிகவும் பயந்து முறுக்கச் சொல்லவில்லை. சிறிய எஞ்சின் நடுத்தரச் சுழற்சியில், ஓரளவு சுமை ஏற்றினால்தான் நன்றாக வேலை செய்யும். முதல் கியரில் கிளப்பி, கால்வாசிக்குச் சற்று மேல் முறுக்கி, 15, 30, 40 வேகங்களில் கியரை ஏற்றிவிட்டு, பிறகு கையைக் குறைத்துப் பிடிக்க வேண்டும். திடீரென முறுக்கினால் பெட்ரோல் தெளிப்பைக் கட்டுப்படுத்தும் கணினி உடனே கூடுதல் பெட்ரோல் தெளிக்கும், அடுத்த நொடியே பிரேக் பிடித்தால் அது வீண். மூத்தவருக்கும் இதே விதி: மூன்றாம் கியரில் கிளப்பக் கூடாது, மேட்டில் எஞ்சின் அதிரத் தொடங்குமுன் கியரை இறக்க வேண்டும், சாவியைத் தொடக் கூடாது.

காலி வாளிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டு, ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் கட்டப்பட்டன. பெட்ரோல் காலையில் பங்க்கில் இரண்டு ஓட்டத்துக்கும் சேர்த்து. டேங்க் கொள்ளளவு ஐந்து லிட்டருக்கு மேல் இருக்கும்போது மாலையில் பாட்டில் தேடவே தேவையில்லை.

பின்விளைவு

பாதத்தைப் பெடலிலிருந்து எடுப்பதுதான் கடினமாக இருந்தது. பழக்கம் காலில் இருக்கிறது, சொல் காதில் விழுகிறது. சில நாள் மூத்தவர் பின்சீட்டில் அமர்ந்து போய், “மாப்பிள்ளை, கால எடு” என்று தோளில் தட்டிக்கொண்டே வந்தார். அதைவிடப் பலன் தந்தது பெடலின் உயரத்தை ஒரு திருகு இறக்கியது. கால்தாங்கியைவிடப் பெடல் உயரமாக இருந்ததால் பாதம் தானாக அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. உயரத்தை மாற்றியபின் விளையாட்டையும் பிரேக் விளக்கு சுவிட்சையும் மறுபடி சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் விளக்கு எரிந்தே கிடக்கும்.

ஒரு மாதத்தில் மாலை ஓட்டம் 1.27 லிட்டரில் நின்றது, லிட்டருக்கு 50. மூத்தவரின் காலை ஓட்டம் 1.17. அவரைவிட இளையவர் இன்னும் 100 மில்லி கூடுதல்தான். முன்னால் போகும் வண்டியைத் தாண்டாமல் இருக்க அவருக்கு முடியவில்லை, அதை யாரும் வற்புறுத்தவும் இல்லை. சுற்று முடிய முன்னைவிட ஏழெட்டு நிமிடம் அதிகம். முன்னதாகப் புறப்படுவதால் காசு அன்றைக்கே வந்தது.

மே மாதம் மழை தொடங்கியதும் மாலை 1.33-க்கு ஏறியது. ஈரச் சாலையில் டயர் நீரைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும், பள்ளங்களுக்காக அடிக்கடி வேகம் குறைக்க வேண்டும், மழைக்கோட்டு காற்றைப் பிடிக்கும். சின்னம்மா மறுபடி சந்தேகப்பட்டபோது காலை எண்ணும் அதே அளவு ஏறியிருந்ததைக் காட்ட முடிந்தது. இரண்டு ஓட்டத்தையும் தனித்தனியே எழுதி வைத்ததன் பயன் அது.

பழைய 2 லிட்டரிலிருந்து 1.27 வரை குறைந்த 730 மில்லியில், 220 பாட்டிலின் குறை. பழுதுபார்த்ததில் 170. ஓட்டும் முறையிலும் வாளிக் கட்டிலும் சேர்த்து 280. மீதி 60 மில்லி டேங்கில் தங்கியதும் ஊற்றும்போது சிந்தியதும்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

பிரேக், காற்று, ஃபில்டர் மூன்றும் ஒரே நாளில் சரிசெய்யப்பட்டதால் 170 மில்லியில் எதற்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு மூன்று ஓட்டம் விட்டால் தெரியும். வாளிக் கட்டையும் ஓட்டும் முறையையும் அப்படியே பிரித்திருக்கலாம். ஆள் மாற்றிப் பார்க்கும் சோதனையை முதல் வாரத்திலேயே செய்வது நல்லது. செலவில்லாதது, ஒருவர் மேல் பழி விழுமுன் பதில் தந்துவிடும்.

முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயினை இழுக்கும் பல் சக்கரத்தில்) ஒரு பல் கூட்டினால் எஞ்சின் குறைவாகச் சுழலும், மைலேஜ் ஏறும் என்று ஒரு யோசனை வந்தது. செய்யவில்லை. 49 கிலோ சுமையோடு மேட்டில் ஏறும் வண்டிக்கு அது எஞ்சினைத் திணறடிக்கும், கிளட்ச் கூடுதலாக வழுக்கும். சமதளத்தில் தனியாக ஓட்டுபவருக்கு வேண்டுமானால் பொருந்தும்.

இன்ஜெக்‌ஷன் இல்லாத பழைய வகை கார்பரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கையை விட்டாலும் அதில் ஐடில் துளை வழியாகப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும், ஆகவே கையை முன்னதாக விடுவதில் கிடைக்கும் லாபம் சற்றுக் குறைவு. பிரேக்கில் சூடாகப் போவதைத் தடுப்பது மட்டும் இரண்டிலும் ஒன்றே.